அத்தியாயம் 7: வழுக்காத அளவுக்கு ஒரு கிளட்ச்

இந்த அத்தியாயத்துக்கு ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொள்வோம்: முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர், 20 வால்வு, டர்போ பெட்ரோல் எஞ்சின். கம்பெனி கொடுத்தது 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் டார்க். ஐந்து கியர் கொண்ட 02ஜே கியர்பாக்ஸ். 2000களின் நடுவில் நம் ஊரில் விற்ற இந்த வண்டியை இன்றும் விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எப்போதோ ஒரு நாள் ரீமேப் செய்திருப்பார்கள். டர்போவை மாற்றாமல் ஈசியு மென்பொருளை மட்டும் மாற்றினாலே 280 நியூட்டன் மீட்டரை ஒட்டி வந்துவிடும். எஞ்சின் அதை அமைதியாக ஏற்றுக்கொள்ளும். முதலில் கைவிடுவது கிளட்ச்.

கிளட்ச் வாங்கும்போது குதிரைத்திறன் கணக்கை ஓரமாக வைத்துவிடுங்கள். கிளட்ச் தாங்க வேண்டியது டார்க்கை மட்டும்தான். 7,000 ஆர்பிஎம் வரை சுற்றி 200 குதிரைத்திறன் தரும் டர்போ இல்லாத எஞ்சினுக்குப் போதுமான கிளட்ச், 3,000 ஆர்பிஎம்மிலேயே முழு பூஸ்ட் கொட்டும் 190 குதிரைத்திறன் டர்போவிடம் தோற்றுப்போகும். டர்போ வண்டியில் டார்க் படிப்படியாக ஏறுவதில்லை, சட்டென்று வந்து விழும். பூஸ்ட் ஒரு கணம் அளவு தாண்டி எகிறினால் டார்க்கும் கூடவே எகிறும். ரீமேப் செய்தவரிடம் கேட்டு வாங்க வேண்டியது உச்ச டார்க் எவ்வளவு, எந்த ஆர்பிஎம்மில் என்கிற தகவல். குதிரைத்திறன் எண்ணை அவரே சொல்லிவிடுவார், அதைக் கேட்கவே வேண்டாம்.

வழுக்குவது கிளட்ச்தானா?

கியர்பாக்ஸை இறக்கும் முன் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும். போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் ஐந்தாம் கியர், சுமார் 2,000 ஆர்பிஎம். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். பூஸ்ட் வரும் இடத்தில் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி மேலே போய், வேகம் அதோடு சேர்ந்து ஏறவில்லை என்றால் வழுக்குகிறது. ஓபிடி டாங்கிள் இருந்தால் இன்னும் நல்லது. ஆர்பிஎம்மையும் வேகத்தையும் பதிவு செய்து, ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்கள். ஒரே கியரில் அந்த விகிதம் மாறவே கூடாது. பூஸ்ட் வரும்போது மட்டும் அது கூடி, பிறகு பழைய இடத்துக்குத் திரும்பினால் சந்தேகத்துக்கு இடமில்லை. கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடாத ஆரம்ப நிலை வழுக்கல்கூட இதில் தெரிந்துவிடும்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மூன்றாம் கியரில் கிளட்சை விட்டுப் பார்க்கும் பழைய சோதனை வேண்டாம். ரீமேப்பால் வரும் வழுக்கல் அதில் தெரியாது, ஏனென்றால் அந்த நிலையில் பூஸ்டே வராது. நல்ல பிளேட் சூடாவதுதான் மிச்சம்.

வண்டியை எடுக்கும்போது உதறினால், அதற்கு கிளட்சை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. கியர்பாக்ஸுக்குக் கீழே இருக்கும் டார்க் மவுண்டின் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே உதறல் வரும். அதை மாற்ற அரை மணி நேரம் போதும். முதலில் அதைப் பாருங்கள்.

கணக்கு

கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு எளிய பெருக்கல் இருக்கிறது. உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, சராசரி ஆரம் ஆகிய நான்கையும் பெருக்கினால் தாங்கும் டார்க் வரும். ஒற்றை பிளேட்டுக்கு இரண்டு பரப்புகள். வெளி விட்டம் 228 மில்லிமீட்டர், உள் விட்டம் 150 என்று வைத்தால் சராசரி ஆரம் 94.5 மில்லிமீட்டர். உதாரணத்துக்கு அழுத்தும் விசையை 5,000 நியூட்டன் என்றும், ஆர்கானிக் லைனிங்கின் உராய்வுக் குணகத்தை 0.3 என்றும் கொள்வோம். 2 × 0.3 × 5,000 × 0.0945 என்று பெருக்கினால் சுமார் 283 நியூட்டன் மீட்டர்.

எஞ்சின் தருவது 280, கிளட்ச் தாங்குவது 283, அப்படியானால் போதுமே என்று தோன்றும். சென்னை ஓஎம்ஆரில் அரை மணி நேரம் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்ந்த பிறகு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். லைனிங் சூடேறி உராய்வுக் குணகம் 0.25க்கு இறங்கினால் விடை 236தான். நெரிசல் விலகி, காலி ரோட்டைப் பார்த்த சந்தோஷத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள், முள் துள்ளுகிறது. வழுக்கல் மேலும் சூட்டைக் கிளப்பும், சூடு மேலும் வழுக்கலைக் கொண்டுவரும். காலையில் நன்றாக இருக்கும் வண்டி மாலையில் வழுக்குகிறது என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான்.

ஆகவே எஞ்சினின் உச்ச டார்க்குக்கு மேல் 20 முதல் 30 சதவீதம் கையிருப்பு வேண்டும். 280க்கு 350 அளவில் தாங்கும் கிளட்ச் சரியான தேர்வு. விற்பவர் 550 தாங்கும் கிளட்சைக் காட்டுவார், விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. நாளைக்குப் பெரிய டர்போ போட்டால் உதவுமே என்ற ஆசையும் வரும். அந்த டர்போ வருகிற வரைக்கும், ஒவ்வொரு சிக்னலிலும் உதறலையும் கல்லு மாதிரி பெடலையும் சுமக்கப்போவது நீங்கள்தான். எதிர்காலத் திட்டத்துக்குக் கிளட்ச் வாங்காதீர்கள், இன்று ஓடும் எஞ்சினுக்கு வாங்குங்கள்.

அந்தப் பெருக்கலில் எதைக் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்துதான் கிளட்சின் குணம் அமைகிறது. பிரஷர் பிளேட்டின் விசையைக் கூட்டினால் லைனிங் பழைய ஆர்கானிக்காகவே இருக்கலாம், எடுப்பும் மென்மையாகவே இருக்கும். விலை பெடலில் தெரியும். பெடல் கனக்கும், ஸ்லேவ் சிலிண்டருக்கும் ரிலீஸ் லீவருக்கும் வேலை கூடும். பெடலை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் ஷாஃப்ட் முன்பக்கமாகத் தள்ளப்படுகிறது, அதைத் தாங்குவது த்ரஸ்ட் பேரிங். கனமான பிரஷர் பிளேட் போட்டவர்கள் சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்கும் பழக்கத்தை விட்டுவிட்டு நியூட்ரலுக்கு வரப் பழக வேண்டும்.

லைனிங்கை மாற்றுவது இரண்டாவது வழி. அராமிட் வகை, அதாவது கெவ்லார் என்று கடையில் சொல்வது, நீண்ட நாள் உழைக்கும், எடுப்பும் மென்மைதான். பழக்கும் காலம் அதிகம். ஒரு முறை கடுமையாகச் சூடேறி மேற்பரப்பு கண்ணாடி போலாகிவிட்டால் பழைய பிடிப்பு திரும்புவது கடினம். ஆர்கானிக் இந்த விஷயத்தில் பொறுமைசாலி, ஆறவிட்டால் பெரும்பாலும் மீண்டு வந்துவிடும். செராமிக் வில்லைகள் வைத்த பிளேட் சூட்டுக்கு அஞ்சாது, பிடித்தால் விடாது. அதற்கு அரைப் பிடி என்று ஒன்று கிடையாது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அது குறையே இல்லை, ஏனென்றால் அங்கே வண்டியை நிலையிலிருந்து எடுப்பது அபூர்வம். ஈரோட்டில் மேம்பால ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று எடுக்க வேண்டியவருக்கு அது தண்டனை. ஃப்ளைவீலையும் வேகமாகத் தின்னும். இரட்டை பிளேட் கிளட்சில் உராயும் பரப்பு நான்காகிவிடுவதால் கனமான பெடல் இல்லாமலே டார்க்கைத் தாங்க முடியும். ஆனால் நம்முடைய 280க்கு அது தேவையே இல்லை.

இன்னொரு விஷயத்தையும் யோசிக்க வேண்டும். வண்டியின் பவர் போகும் பாதையில் கிளட்ச் ஒரு ஃப்யூஸ் மாதிரி. அதிர்ச்சி வரும்போது அது கொஞ்சம் வழுக்கிக்கொடுப்பதால்தான் பின்னால் இருக்கும் பல்சக்கரங்கள் பிழைக்கின்றன. 02ஜே கியர்பாக்ஸில் டிஃபரன்ஷியலின் பெரிய சக்கரத்தைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் பலவீனமான இடம். அவை தெறித்தால் கியர்பாக்ஸின் உறையையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். ரிவெட்டுக்குப் பதில் போல்ட் போடும் கிட் இதற்காகவே விற்கிறார்கள். செராமிக் பிளேட்டைப் போட்டுவிட்டு 5,000 ஆர்பிஎம்மில் கிளட்சை விட்டு வண்டியை எடுத்தால் அந்த ஃப்யூஸை எடுத்துவிட்டுக் கம்பி கட்டிய கதைதான்.

ஃப்ளைவீல்

இந்த வண்டியில் கம்பெனி கொடுத்தது டூயல் மாஸ் ஃப்ளைவீல். இரண்டு தட்டுகள், நடுவே ஸ்பிரிங்குகள். எஞ்சினின் துடிப்பைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தாமல் அவை விழுங்கிக்கொள்ளும். ரீமேப் செய்த டார்க்கில் ஸ்பிரிங்குகள் சீக்கிரம் தளர்கின்றன. எஞ்சினை அணைக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம் வந்தால் ஆயுள் முடிந்ததாக வைத்துக்கொள்ளலாம். மற்ற ஃப்ளைவீல்களைப் போல இதை லேத்தில் கொடுத்து முகம் அடித்து மறுபடி போடும் வேலைக்கு நான் உடன்பட மாட்டேன். புதியது வாங்க வேண்டும், விலையும் கடிக்கும்.

அதனால் இந்த எஞ்சின்காரர்கள் உலகம் முழுக்க ஒரு மாற்றுவழியைக் கையாள்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன் கொராடோ ஜி60 மாடலின் 228 மில்லிமீட்டர் ஒற்றை மாஸ் ஃப்ளைவீல், அதோடு விஆர்6 மாடலின் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட். 2.8 லிட்டர் விஆர்6 எஞ்சின் 235 நியூட்டன் மீட்டர் தந்தது. அதற்கென்று கையிருப்போடு வடிவமைத்த கிளட்ச் நம் 280ஐ ஆர்கானிக் லைனிங்கோடு, சாதாரண பெடலோடு தாங்கிவிடுகிறது. எல்லாமே ஒரே குடும்பத்து உதிரிகள் என்பதால் வெட்டாமல் ஒட்டாமல் பொருந்தும். கிராங்க் சென்சார் எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஃப்ளைவீலை மாற்றினால் அதற்குப் பாதிப்பில்லை. ஸ்டேஜ் 1 ரீமேப்போடு, அதாவது மென்பொருள் மாற்றத்தோடு மட்டும், நிற்கப்போகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்.

டூயல் மாஸை எடுத்துவிட்டால் துடிப்பை விழுங்கும் வேலையைப் பிளேட்டின் நடுவில் உள்ள ஸ்பிரிங்குகள்தான் செய்ய வேண்டும். பழைய பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் இருக்காது. அதைப் புது ஃப்ளைவீலோடு சேர்க்கவே கூடாது. செட்டாக வாங்கச் சொல்வது இதனால்தான். ஸ்பிரிங் பிளேட் இருந்தும் ஐடிலில் கியர்பாக்ஸிலிருந்து மெல்லிய கலகல சத்தம் வரும், பெடலை மிதித்தால் மறையும். அது பழுதல்ல. அந்தச் சத்தத்தோடு வாழ முடியாது என்பவர்கள் முன்கூட்டியே டூயல் மாஸுக்குப் பணம் ஒதுக்குவது நல்லது.

எடை குறைத்த அலுமினிய ஃப்ளைவீலும் கிடைக்கிறது. எஞ்சின் துள்ளலாக ஏறி இறங்கும். கூடவே ஏசி போட்டு, நெரிசலில், கிளட்சை விடும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் அணையப் பார்க்கும். சென்னையில் தினசரி ஓட்டும் வண்டிக்கு நான் போட மாட்டேன்.

ஜி60, விஆர்6 உதிரிகள் நமக்கு இறக்குமதிதான். சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருபவர்கள் உண்டு. பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள். பார்ட் எண் பிளேட்டிலும் அச்சாகியிருக்க வேண்டும், பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. பழைய பிளேட்டுக்கு ரீலைனிங் அடிப்பது லாரிக்கும் டிராக்டருக்கும் நியாயமான சிக்கனம். 6,500 ஆர்பிஎம் சுற்றும் பிளேட்டில் ரிவெட் அடித்த கை எதுவென்று தெரியாமல் அதை நம்ப முடியாது.

இறக்குதல்

கியர்பாக்ஸை இறக்கும் வரிசையை மேனுவலில் பார்த்துக்கொள்ளலாம். பேட்டரி, கியர் கேபிள்கள், ஸ்டார்ட்டர், டிரைவ் ஷாஃப்ட்டுகள், மவுண்டுகள். டிரைவ் ஷாஃப்ட் போல்ட்டுகளுக்குப் பன்னிரண்டு முனை ஸ்ப்லைன் பிட் வேண்டும். டார்க்ஸ் பிட்டை வைத்துச் சமாளித்தால் போல்ட் தலை வழுவழுத்துவிடும். ஸ்லேவ் சிலிண்டரைக் குழாயோடு சேர்த்து ஓரமாகக் கட்டி வைத்த பிறகு யாரும் கிளட்ச் பெடலைத் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். பெடலிலேயே ஒரு துணியைக் கட்டிவிடுவது நல்லது.

இறக்கியதும் பழைய பாகங்களைக் குப்பைக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். ஃப்ளைவீலின் முகத்தில் நாணயம் அளவு நீலத் திட்டுகள் இருந்தால் அந்த இடம் மிகையாகச் சூடேறியிருக்கிறது. பிளேட்டின் ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், ஸ்ப்லைனில் அது தாராளமாக நகரவில்லை. பிரஷர் பிளேட்டின் முகத்தில் ஒரு நேர்விளிம்புக் கட்டையை வைத்து ஃபீலர் கேஜ் விடுங்கள், உள்பக்கச் சரிவு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அது கோணியிருக்கிறது. அதே பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங் விரல்களின் நுனி, தடிமனில் பாதி தேயும் வரை கம்பெனி அனுமதிக்கிறது.

பிளேட்டின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எண்ணெய் தெறித்த கோடுகள் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். விரலால் தொட்டு மோந்து பாருங்கள். கறுப்பாக, கருகிய வாசனையோடு இருந்தால் எஞ்சின் ஆயில், வருவது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீலிலிருந்து. கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில், இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. இந்த எண்ணெய்தான் வழுக்கலுக்குக் காரணம் என்றால், எத்தனை பெரிய கிளட்ச் வாங்கிப் போட்டாலும் அதுவும் நனைந்து வழுக்கும். கசிவே இல்லாவிட்டாலும் கியர்பாக்ஸ் கீழே இருக்கும் இந்த வேளையில் இரண்டு சீலையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ரிலீஸ் பேரிங், அது சறுக்கி ஓடும் கைடு ஸ்லீவ், ரிலீஸ் லீவர் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். லீவர் உட்காரும் குண்டு முனை, லீவரின் தகட்டைத் தேய்த்துத் துளைத்துவிடுவது இந்தக் கியர்பாக்ஸில் சகஜம். மலிவான தகடு அது, துளைந்தால் முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டும்.

பொருத்துதல்

ஒற்றை மாஸ் ஃப்ளைவீலின் நடுப்பகுதி மெலிந்தது. டூயல் மாஸின் நீண்ட போல்ட்டுகளை இதில் போட்டால் அவை அடியில் முட்டி நின்றுவிடும், டார்க் ரென்ச் ‘டக்’ என்று சொல்லும், ஃப்ளைவீல் இறுகியிருக்காது. இதற்கென்று உள்ள 22.5 மில்லிமீட்டர் குட்டை போல்ட்டுகள், அதுவும் புதியவை, வேண்டும். குறுக்கு வரிசையில் 60 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி. நீட்சியால் பிடிக்கும் போல்ட்டுகள் இவை, ஒரு முறைக்கு மேல் உதவாது.

ஃப்ளைவீல் பழையது என்றால் லேத்தில் முகம் அடித்த பிறகு, பிரேக் கிளீனர் தெளித்து, வெள்ளைத் துணியில் கறை வராத வரை துடையுங்கள். புது பிரஷர் பிளேட்டிலும் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். உராயும் முகத்தை மட்டும் துடைத்தால் போதும், விரல்களிலும் கீல்களிலும் உள்ள கிரீஸைக் கழுவிவிடக் கூடாது. அதன் பிறகு கை சுத்தமாக இருக்கட்டும். டீ குடித்துவிட்டு வந்த கையோடு பிளேட்டை எடுக்காதீர்கள்.

இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்லைனில் கிளட்ச் ஸ்ப்லைன் கிரீஸை மெலிதாகத் தடவி, பிளேட்டை ஒரு முறை உள்ளே செருகி எடுத்து, ஓரத்தில் ஒதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். சும்மா பளபளப்பு தெரிந்தால் போதும், மிச்சமிருப்பது சுழலும்போது லைனிங்கில்தான் போய் விழும். பிளேட்டில் ‘கெட்ரீபெசைட்டே’ என்று ஜெர்மனில் அச்சடித்திருக்கும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஸ்பிரிங் கூடு ஃப்ளைவீல் போல்ட்டுகளில் இடிக்கும், கிளட்ச் விடுபடாது, கியர் விழாது.

அலைன்மென்ட் டூலை நடுவில் செருகி, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில், ஒவ்வொன்றையும் கால் சுற்று வீதம் இறுக்கி வாருங்கள். முடிவில் 20 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னால் ஒரு போல்ட்டை ஒரேயடியாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பிரஷர் பிளேட்டின் உறை கோணிவிடும். புது கிளட்ச் முதல் நாளிலேயே உதறுகிறது என்று திரும்பி வருகிற வண்டிகளில், பொருளில் குறையைத் தேடும் முன் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

கியர்பாக்ஸை ஜாக்கில் ஏற்றி, இரண்டு பேராகத் தள்ளுங்கள். ஸ்ப்லைனில் பாதி நுழைந்த நிலையில் அதன் எடையைத் தொங்கவிடக் கூடாது, பிளேட்டின் நடு வளைந்துவிடும். கடைசி சென்டிமீட்டரில் நின்றுவிட்டது என்றால் போல்ட்டைப் போட்டு இழுத்து மூடும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். கியர் ஒன்றைப் போட்டு வெளியச்சைக் கையால் லேசாகச் சுழற்றினால் ஸ்ப்லைன் பல் சேர்ந்து தானாக உட்காரும். இரண்டு டவல் பின்களும் இடத்தில் இருக்கின்றனவா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும்.

கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 ஆயில், சுமார் 2 லிட்டர். கிளட்ச் ஹைட்ராலிக்கில் புது டாட் 4 ஊற்றிக் காற்றெடுங்கள். எஞ்சின் ஓடும்போது பெடலை முழுக்க மிதித்து, மூன்று நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரப்பில்லாமல் விழுந்தால் கிளட்ச் முழுதாக விடுபடுகிறது. கரகரத்தால் மறுபடி காற்றெடுத்துப் பாருங்கள்.

பழக்குதல்

முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்ட வேண்டும். நின்று, எடுத்து, கியர் மாற்றி ஓட்டும் ஓட்டம்தான் லைனிங்கையும் உலோக முகத்தையும் ஒன்றோடொன்று படிய வைக்கும். சென்னையிலிருந்து திருச்சிக்கு ஐந்தாம் கியரிலேயே போய் வந்து 650 கிலோமீட்டர் ஆகிவிட்டது என்று கணக்குச் சொல்லக் கூடாது, அதில் கிளட்ச் பழகவே இல்லை. இந்த நாட்களில் பூஸ்ட் பக்கமே போகாதீர்கள். முடிந்தால் ரீமேப்பைத் தற்காலிகமாகக் கம்பெனி ஃபைலுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் லேசான கருகல் வாசனை வரலாம், பயப்பட வேண்டாம்.

800 முடிந்ததும் அதே சாலை, அதே ஐந்தாம் கியர், அதே ஓபிடி பதிவு. ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்த எண் பூஸ்ட் முழுக்க வந்தபோதும் அசையவில்லை என்றால் வேலை முடிந்தது. அசைந்தால், அடுத்த பெரிய கிளட்சின் விலையை விசாரிக்கப் போவதற்கு முன் பெல் ஹவுசிங்கின் அடியில் விரலை விட்டு எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.